அங்கே மேலே

எங்கள் மலைக் கிராமமான சான் பர்தோலோவில், மழைக்காலத்துக் காலையில் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "எங்க பறிச்சே?" என்று கேட்கக் கூடாது. மீறிக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அங்க மேல." மலிஞ்சே மலையிலேயே பெரிய இடம் இந்த 'அங்கே மேலே'தான் என்று ஆண்கள் புல்கே கள்ளைக் குடித்துவிட்டுக் கேலி பேசுவார்கள். பேசட்டும். அங்கே மேலேயிருந்து வருகிற காளானைத்தான் அவர்களும் பச்சை மிளகாய் போட்டு வதக்கி, சோள ரொட்டியில் சுருட்டி, விரலை நக்கிக்கொண்டு தின்கிறார்கள். மழை நாலு மாதமும் எங்களுக்குக் கறி அதுதான்.

தொமாசா இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. கீழே சமவெளியிலிருந்து நிக்கனோரைக் கட்டிக்கொண்டு வந்தவள். சமவெளிக்காரர்களுக்குச் சோளக்கதிரில் கறுப்பாக ஊதிக்கொண்டு வருமே, அந்தப் பூஞ்சையைச் சமைத்துத் தின்னத்தான் தெரியும். காட்டுக் காளானில் எது வயிற்றை நிரப்பும், எது ஆளைக் கொல்லும் என்று தெரியாது. வந்த வருடம் நாத்தனார் கிறிஸ்பினா அவளை மலைக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். காட்டு விளிம்பிலேயே அவளை நிறுத்தி, "இங்கயே இருங்க மதினி, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மறைந்தவள், வெயில் ஏறியபின் நிறைந்த கூடையோடு வந்தாள். சும்மா நிற்க வெட்கப்பட்டுத் தொமாசாவும் கண்ணில் பட்டதைப் பறித்து வைத்திருந்தாள். அதில் ஒன்று சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்தது. பார்க்க ரொம்ப அழகு. கிறிஸ்பினா அதைத் தெருவில் எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்கடி! எங்கண்ணனுக்கு இப்பவே சொர்க்கத்தக் காட்டப் பாக்குறாங்க எங்க மதினி!"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து தொமாசாவின் பெயர் 'சொர்க்கம்' என்றாகிவிட்டது. "என்ன சொர்க்கம், ரொட்டி சுட்டாச்சா?" "சொர்க்கத்தக் கூப்பிடு, தண்ணி வந்துடுச்சு." மாமியார் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள். புதுப்பெண், வாய்விட்டு எதிர்த்துப் பேசவும் முடியாது.

அந்த ஆவணியிலேயே ஒருநாள் மாமியாரோடு சண்டை. எதற்கென்று யாருக்கும் நினைவில்லை, உப்புக்காக இருக்கும். தொமாசா அழுதுகொண்டே மலையேறினாள். திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். மேகம் இறங்கி வழி மறைந்துபோயிற்று. மூன்று பெரிய ஒயாமெல் மரங்கள் நெருங்கி நின்ற ஒரு சரிவில் பயந்து உட்கார்ந்துவிட்டாள். மேகம் விலகியபோது பார்த்தால், காலைச் சுற்றி ஊசியிலைச் சருகை விலக்கிக்கொண்டு மஞ்சள்கருக் காளான்கள். வெள்ளை ஓட்டை உடைத்துக்கொண்டு முட்டைக்கரு எட்டிப் பார்க்கிறாற்போல் இருக்கும் அது. கிறிஸ்பினாவின் கூடையில் அதை அவள் பார்த்திருந்தாள். சந்தையில் அதைக் கொண்டுபோனால் மற்ற காளானையெல்லாம் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதும் காதில் விழுந்திருந்தது.

பாவாடையில் அள்ளிக்கொண்டு, ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். நிக்கனோர் தின்றான், தட்டை ரொட்டியால் துடைத்தான், பிறகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். கிறிஸ்பினா வாசலில் வந்து நின்றாள்.

"எங்க பறிச்சீங்க, மதினி?"

"அங்க மேல" என்றாள் தொமாசா.

அன்றைக்குத்தான் அவள் எங்கள் ஊர்ப் பெண் ஆனாள்.

அந்த இடத்துக்கு அவள் 'மடி' என்று பெயர் வைத்தாள். பெயரைக்கூட யாரிடமும் சொன்னதில்லை. கிறிஸ்பினா பின்னாலேயே வருவாள் என்று தெரியும், அதனால் தினமும் முதலில் சிலுவைப் பள்ளத்துக்குப் போவாள். அங்கே கல்லும் காய்ந்த புல்லும் தவிர ஒன்றும் கிடையாது. கேட்கிறவர் காதில் விழும்படி இரண்டு முறை இருமுவாள். பிறகு ஓடைக்குள் இறங்கி, கல் மேல் கல்லாகத் தாண்டி, சுற்றி வளைத்து மடிக்குப் போவாள். மடியில் பறித்த குழியைச் சருகு போட்டு மூடுவாள். கிழடுதட்டி விரிந்த காளானைத் தொட மாட்டாள், அது விதைக்கு. புருஷன் கேட்டபோது சிலுவைப் பள்ளம் என்றாள். பாவமன்னிப்புக்குப் போய்ப் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டாள். எதைப் பற்றி என்று பாதிரியார் கேட்டார். காளான் பறிக்கிற இடத்தைப் பற்றி என்றாள். அப்படியானால் உண்மையில் எந்த இடம் என்று பாதிரியார் ஆவலாகக் கேட்டார். அங்கே மேலே, சாமி, என்றாள்.

பிள்ளைகளுக்குச் செருப்பு வந்தது மடியிலிருந்து. கூரைக்குத் தகரம் வந்தது மடியிலிருந்து. நிக்கனோர் செங்கல் லாரியிலிருந்து விழுந்து முதுகொடிந்து படுத்த வருடம், காய வைத்துக் கோர்த்திருந்த காளானைக் கொதிக்க வைத்துத்தான் அந்த வீட்டில் உலை பொங்கியது. ஆனால் அவளுக்கு மடி அதற்காக மட்டும் இல்லை.

அவளுக்கு இரண்டாவதாகப் பிறந்தது ஒரு பெண் குழந்தை. பல் முளைக்கும் முன்பே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் செத்த குழந்தைக்காக அழக் கூடாது. அது தேவதையாகிவிட்டது, தாயின் கண்ணீர் பட்டால் இறக்கை நனைந்து பறக்க முடியாமல் போகும் என்பார்கள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொமாசா அழவில்லை. காகிதப் பூ கட்டினாள், வந்தவர்களுக்குச் சோளக் கஞ்சி ஊற்றினாள். அடக்கம் முடிந்த மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு மடிக்குப் போனாள். மழை ஓய்ந்த காலம், பறிக்க ஒன்றுமே இல்லை. மூன்று மரத்துக்கும் நடுவில் குப்புறப் படுத்து, சருகை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அங்கே அழுதது மண்ணுக்குள் போய்விடும், மேலே எட்டாது என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அப்படி.

இப்படியே வருடங்கள் போயின. தலை நரைத்தது, மாமியார் போய்ச் சேர்ந்தாள், பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். பிறகு வண்டு வந்தது.

அரிசியளவு கறுப்பு வண்டு. பட்டைக்குள் புகுந்து மரத்தின் உயிரைக் குடித்துவிடும். பச்சையாக இருந்த மலைச்சரிவு தெற்கிலிருந்து சிவந்துகொண்டே வந்தது. காட்டிலாகாவிலிருந்து ரெபேக்கா என்ற இஞ்சினியர் அம்மா வந்து மரம் மரமாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஊர்க் கூட்டம். ஊர்ப் பொதுக் காட்டுக்குத் தலைவரான தோன் எவரிஸ்தோ நடுவில் உட்கார்ந்திருந்தார். இஞ்சினியர் அம்மா சுவரில் மலைப் படத்தை ஒட்டினாள்.

"வண்டு பிடிச்ச மரம் போகத்தான் போகும், அதுல ஒண்ணும் பண்றதுக்கில்ல. அதச் சுத்தி வளையமா கொஞ்சம் பச்ச மரத்தையும் வெட்டணும், இல்லேன்னா பரவிடும். ஆனா அந்த வளையத்த நாம கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி வளைச்சுக்கலாம். அதனாலதான் கேக்கறேன். காளான் முளைக்கிற இடம் எதெதுன்னு நீங்க சொன்னா, அத விட்டுட்டு வளைச்சுடுவோம்."

பெண்கள் குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சமையலுக்காக மட்டும் கேக்கலம்மா" என்றாள் இஞ்சினியர் அம்மா. "காளான் இருக்கிற மண்ணுக்குள்ள வெள்ளையா நூல் மாதிரி ஓடும், பாத்திருப்பீங்க. மரத்து வேருக்குத் தண்ணியும் சத்தும் கொண்டாந்து குடுக்கறது அதுதான். நாளைக்குப் புதுக் கன்னு நடப் போறோம். அந்த நூல் இருக்கற இடத்துலதான் கன்னு பொழைக்கும். அதையும் அழிச்சுட்டா கன்னுக்குத் தாய்ப்பால் இல்ல."

நல்ல பெண். மனதாரக் கேட்டாள். தொமாசா அந்த நூலைப் பார்த்திருக்கிறாள், எல்லோருமே பார்த்திருக்கிறார்கள். இருந்தும் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா?" என்றார் எவரிஸ்தோ. "குழாயடியில மட்டும் ஊரே கேக்கும். பேசுங்க! வெட்டினப்புறம் என் வாசல்ல வந்து ஒப்பாரி வெக்கக் கூடாது."

முதலில் எழுந்தது கிறிஸ்பினா. "என்னுது கழுகுப் பாறை" என்றாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. தொமாசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் கழுகுப் பாறையா! அந்தத் திசையிலிருந்துதான் அவள் எப்போதும் இறங்கி வருவாள். மனதில் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து ஓர் இடத்தைச் சொன்னார்கள். இஞ்சினியர் அம்மா படத்தில் பச்சை வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

"தோஞ்ஞா தொமாசா, நீங்க?" என்று இஞ்சினியர் அம்மா மரியாதையாகக் கேட்டாள்.

எழுந்தாள். மடி, மூன்று ஒயாமெல், ஓடைக்கு இடது கைப்பக்கம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கிறிஸ்பினா திரும்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

"சிலுவைப் பள்ளம்" என்றது நாக்கு.

"அங்க மரமே அதிகம் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அங்கதாம்மா."

பச்சை வட்டம் விழுந்தது. உட்காரும்போதே தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது தெரிந்தது. எழுந்து மாற்றிச் சொல்லலாம். சொன்னால் இத்தனை வருடமும் சொன்னது பொய் என்றாகும், மடியும் மறுநாளே சந்தைக்கடையாகிவிடும். உட்கார்ந்தே இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் எவரிஸ்தோ வீட்டுக்குப் போனாள். தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. முற்றத்தில் அவர் மனைவி சோளம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் காளான்காரிதான், சந்தையில் பக்கத்துச் சாக்கில் உட்காருகிறவள்.

"என்ன சொர்க்கம், இவ்ளோ காலையில?"

"ஒண்ணுமில்ல. சோளம் ஊறப்போட ஒரு பிடி சுண்ணாம்பு கிடைக்குமா?"

வீட்டில் ஒரு டப்பா நிறையச் சுண்ணாம்பு இருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டு வாரத்தில் வெட்டுக்காரர்கள் ஏறினார்கள். அவள் முந்திக்கொண்டு மடிக்குப் போனாள். மூன்று மரத்திலும் ஆரஞ்சுச் சாயத்தில் கோடு போட்டிருந்தது. ஒன்றில்கூட வண்டு துளைத்த ஓட்டை இல்லை. கைக்கத்தியால் சுரண்டினாள். சாயம் பட்டையின் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது, சுரண்டச் சுரண்ட மரத்துக்குத்தான் காயம். மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது. கிறிஸ்பினாவின் மகன் அபுந்தியோ, தோளில் இயந்திர ரம்பத்தோடு நின்றான்.

"அத்தை? இங்க என்ன பண்றீங்க?"

கையைப் பாவாடையில் துடைத்தாள். "விறகு பொறுக்க வந்தேன்டா."

"இங்கல்லாம் நிக்காதீங்க, மரம் விழும். வேணுங்கற விறக நானே கொண்டாந்து போடறேன்." பிறகு சிரித்தான். "கவலப்படாதீங்க அத்தை. உங்க சிலுவைப் பள்ளத்துல ஒரு குச்சியக்கூடத் தொட விடமாட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

இந்த மூன்று மரத்தை மட்டும் விட்டுவிடேன்டா என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பான். அம்மாவிடம் போய்ச் சொல்வான். அவன் முகத்தில் அப்படியே கிறிஸ்பினா இருந்தாள்.

"நல்லா இருடா கண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் ரொட்டியைப் போடும்போது ரம்பச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மரம் விழும் சத்தம், தரையில் வைத்த கால் வழியாகவே வந்தது. நிக்கனோர் வளைந்த முதுகோடு வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம், யாரோட இடமோ" என்றான். "நல்லவேள, உன் இடம் தப்பிச்சுது."

இரண்டாவதும் விழுந்தது. ரொட்டி கருகியது. தொமாசாவுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அழுவதற்கென்று அவளுக்கு இருந்த ஒரே இடம் அங்கே விழுந்துகொண்டிருந்தது. கருகிய ரொட்டியை எடுத்துப் போட்டுவிட்டு வேறு மாவு தட்டினாள்.

ஆனியில் நல்ல மழை பிடித்தது. நம்பிக்கை யாரைத்தான் விட்டது, தொமாசா கூடையை எடுத்துக்கொண்டு போனாள். சிலுவைப் பள்ளத்துக்குப் போய் இருமவில்லை, நேராக மடிக்கே போனாள். மூன்று அடிமரக்கட்டை. மரத்தை இழுத்துப்போன வண்டித்தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. நிழலே இல்லாமல் வெந்துபோன மண்ணில் முரட்டுப் புல் ஏறியிருந்தது. இஞ்சினியர் அம்மா நட்டுவிட்டுப்போன கன்றுகள் முழங்கால் உயரம்கூட இல்லை, நுனி மஞ்சளாகிக் கிடந்தன. விரலால் தோண்டிப் பார்த்தாள். வெள்ளை நூல் ஒரு இழைகூட இல்லை. பழுப்பாக ஏதோ கையில் உதிர்ந்தது. கட்டை மேல் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வெட்டவெளியில், நாலு பக்கமும் தெரிகிற இடத்தில், எப்படி அழுவது?

பத்து நாள் மழை பெய்த பிறகும் ஒன்றும் முளைக்கவில்லை. ஊரில் காளான் வாசமே இல்லை. சந்தைக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை. இந்த வருடம் மழை தாமதம், இன்னும் சூடு தணியவில்லை என்று பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தொமாசாவும் ஒன்று சொன்னாள். ஆனால் கழுகுப் பாறை அவள் மனதை அரித்துக்கொண்டேயிருந்தது. அங்கே ஒரு மரம்கூட வெட்டவில்லை. கிறிஸ்பினா வீட்டில் கூடை கூடையாக மறைத்து வைத்துக் காய வைப்பாளாக இருக்கும். ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி கை வைப்பது எங்கள் ஊரில் கோழி திருடுவதைவிடக் கேவலம். தொமாசாவுக்கு அது தெரியும். புதுப்பெண்ணாக வந்தவளைக் காட்டு விளிம்பில் நிறுத்திவிட்டுப் போனாளே, அதற்கு இது சரியாகப் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கிறிஸ்பினா ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் கிளம்பினாள்.

கழுகுப் பாறையில் பாறை இருந்தது. முள் இருந்தது. வெட்டாமல் விட்ட நாலைந்து கோணல் பைன் மரம், பாறை வெடிப்பில் வேரை விட்டுக்கொண்டு நின்றது. தொமாசா குனிந்து குனிந்து தேடினாள். காளானை விடுங்கள், காளான் முளைக்கக் கொஞ்சம் சருகு மெத்தைகூட அங்கே இல்லை. மூடிய குழி இல்லை, கத்தி பட்ட தடம் இல்லை, மனிதக் கால் பட்ட தடமே இல்லை. அந்த இடத்தில் அந்தக் காலத்திலும் ஒரு காளான் முளைத்திருக்காது.

முள்ளுக்கு நடுவில் அப்படியே நின்றாள். கூட்டத்தில் ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்ன இடமெல்லாம் அவள் நினைவுக்கு வந்தது. பச்சை வட்டம் போட்டு, வெட்டாமல், பத்திரமாகக் காப்பாற்றிய இடங்கள். கிறிஸ்பினாவின் இடம் எதுவோ, அந்தச் சரிவும் எங்கோ கட்டையாகத்தான் கிடக்கும். அவளும் அடுப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பாள். தொமாசாவுக்குச் சிரிப்பு வந்தது.

வெறுங்கூடையோடு ஊருக்குள் போக முடியாது. பெரணி இலையைப் பறித்துக் கூடையை நிரப்பி, மேலே துணியைப் போட்டு மூடினாள். ஓடை சேருமிடத்தில் பாதை ஒன்றாகும். அங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து கிறிஸ்பினா வந்துகொண்டிருந்தாள். அவள் கூடையிலும் துணி. அவள் பாவாடை ஓரம் முழுக்கக் காய்ந்த புல்லின் முள்விதை ஒட்டியிருந்தது. அந்தப் புல் சிலுவைப் பள்ளத்தில்தான் உண்டு.

இரண்டு பேரும் நின்றார்கள். கிறிஸ்பினாவுக்கும் தலை நரைத்துவிட்டது, மூச்சு வாங்கியது. தொமாசாவின் பாவாடையில் இருந்த முள் கிழிசலை அவள் பார்த்தாள். அந்த முள் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"எங்க போயிட்டு வர்றீங்க, மதினி?"

"அங்க மேல. நீ?"

"நானும் அங்க மேலதான்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது" என்றாள் கிறிஸ்பினா. கூடைத் துணியை இன்னும் இழுத்து மூடினாள். "கூட நெறைய. உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

சேர்ந்தே இறங்கினார்கள். சறுக்கல் வந்த இடத்தில் கிறிஸ்பினா கை நீட்டினாள்.

"கனமா இருந்தாக் குடுங்க மதினி, நான் தூக்கறேன்."

"வேணாம். உன் கூடையே கனமா இருக்குமே."

ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும், இரண்டு பேரும் கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள்.